லினக்ஸ் கெர்னலில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்புவது எப்படி: மூணு வரிக்கு நாலு மாசம் அலைந்தவன் சொல்வது

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையின் பில் போடும் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எலக்ட்ரானிக் தராசு, அதிலிருந்து ஒரு யூஎஸ்பி-சீரியல் அடாப்டர், அங்கிருந்து லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப். போன வருஷம் ஒரு முகூர்த்த நாள், விடியற்காலை நாலரை மணிக்கு அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, தராசுல பன்னெண்டரைக் கிலோ காட்டுது, டிவியில என்னமோ மந்திரம் எழுதியிருக்கு." மானிட்டரைத்தான் டிவி என்பார். போய்ப் பார்த்தால் எடை வரவேண்டிய இடத்தில் கட்டமும் கேள்விக்குறியும். கரண்ட் போய் வந்த சில நாட்களில் மட்டும் இப்படி ஆகும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும்.

காரணம் தேடி, லினக்ஸின் மையமான கெர்னலின் சோர்ஸுக்குள் (மூல நிரலுக்குள்) போனேன். அடாப்டரை இயக்கும் நிரலான டிரைவரில் ஒரு ஓட்டை இருந்தது. மூன்று வரியில் அடைத்துவிட்டேன். அதற்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு ஆனது. அந்த மூன்று வரி லினக்ஸ் கெர்னலுக்குள் போய்ச் சேர நாலு மாதம். அதில் மூன்று மாதம் என் தெரியாத்தனத்துக்கு நான் கட்டிய அபராதம். நீங்கள் கட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

(தராசு மாட்டியிருந்த யூஎஸ்பி ஹப் யூபிஎஸ்ஸில் இல்லை. அதை யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் அன்றைக்கே பிரச்சினை முடிந்திருக்கும், இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது. அதை நான் இரண்டாம் வாரம்தான் கவனித்தேன்.)

சி மொழியை வாசித்தால் புரிகிற அளவு தெரிந்தால் போதும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பிழையை எடுப்பது

உங்கள் கையில் இருக்கும் கருவியில், உங்கள் கண்முன்னே நடக்கும் பிழைதான் முதல் வேலைக்கு ஏற்றது. "சோதித்தாயா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கருவி உங்களிடம் இருந்தால்தான் ஆமாம் என்று சொல்ல முடியும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இரண்டு இடம் உண்டு. கூகுள் நடத்தும் சிஸ்பாட் என்ற தானியங்கி, கெர்னலை இடைவிடாமல் நோண்டிப் பிழைகளைப் பட்டியல் போடுகிறது. பலவற்றுக்கு அந்தப் பிழையைத் திரும்ப வரவழைக்கும் சிறிய சி நிரலும் கூடவே கிடைக்கும். இன்னொன்று, சோர்ஸில் டிரைவர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஸ்டேஜிங். இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் அங்கே இருக்கின்றன. புதியவர்களை அங்கே பொறுமையாக நடத்துவார்கள்.

செய்யக்கூடாதது: கண்ணில் பட்ட கோப்பையெல்லாம் எழுதும் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டில் ஓட்டி, இடைவெளியையும் அடைப்புக்குறியையும் சரிசெய்து அனுப்புவது. ஸ்டேஜிங்கில் அதற்கு இடமுண்டு. மற்ற இடங்களில் அது உபத்திரவம்தான்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பிழையை வைத்து இன்னொருவர் மெஷினுக்குள் நுழைய முடியும் என்று தோன்றினால், கீழே சொல்லும் பொதுவழியில் அனுப்பாதீர்கள். பாதுகாப்புப் பிழைகளை எங்கே, எப்படித் தெரிவிப்பது என்று டாக்குமென்டேஷன் கோப்புறையில் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

2. செலவு

கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது. பதிவு, உறுப்பினர், சான்றிதழ் எதுவும் இல்லை. "கெர்னல் டெவலப்பர் சர்டிபிகேட்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் வகுப்பு விளம்பரங்களை நானே பார்த்திருக்கிறேன். லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் எல்எஃப்டி103 என்ற தொடக்கநிலைப் பாடம் இலவசம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பேட்ச், அதாவது நீங்கள் அனுப்பும் திருத்தம், ஏற்கப்பட்டால், மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் வரலாற்றில் உங்கள் பெயர் நிற்கும். அதுதான் சான்றிதழ்.

மெஷினுக்கு 8 ஜிபி ரேம் இருந்தால் சமாளித்துவிடலாம், 16 இருந்தால் நிம்மதி. டிஸ்கில் 40 ஜிபியாவது காலியாக வையுங்கள். டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடு) கொடுக்கும் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) அப்படியே எடுத்துக் கம்பைல் செய்தால், டீபக் தகவலோடு சேர்ந்து 20 ஜிபிக்கு மேல் விழுங்கிவிடும். எனக்கு ஆன செலவு இரண்டே: டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய அதே ரக அடாப்டர் ஒன்று, கூடுதலாக ஒரு எஸ்எஸ்டி. அடாப்டர் அவசியம். கடை மெஷினில் சோதனை செய்யும் தைரியம் எனக்கு இல்லை, அண்ணாச்சிக்கு சம்மதமும் இல்லை.

3. சோர்ஸை இறக்குவது

இதில் நான் இரண்டு நாள் தொலைத்தேன். கெர்னலின் முழு வரலாறு பல ஜிபி. கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒத்தக்கடையில் என் வீட்டில் மாலை நேரத்து பிராட்பேண்டில் மூன்று முறை அறுந்தது. நான்காவது முறை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள்.

இதற்கு வழி இருக்கிறது. கெர்னல் டாட் ஆர்க் தளத்திலேயே முழுக் களஞ்சியத்தையும் ஒரே பண்டில் கோப்பாக வைத்திருக்கிறார்கள். அதை டபிள்யூகெட் கட்டளையில் தொடரும் விருப்பத்தோடு இறக்கலாம். அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். இறக்கிய பண்டிலிலிருந்து குளோன் செய்து, ரிமோட் முகவரியை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் களஞ்சியத்துக்கு மாற்றி, ஒரு கிட் புல் அடித்தால் முடிந்தது.

"டெப்த் ஒன்று" என்று போட்டு மேலோட்டமான பிரதியை இறக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். அளவு சிறிது, உண்மைதான். ஆனால் பழைய வரலாறு இருக்காது, ஆறாவது படியில் கையைப் பிசைவீர்கள்.

4. கம்பைல்

உபுண்டு அல்லது டெபியனில் பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எல்ஃப், லிப்எஸ்எஸ்எல், என்கர்சஸ் ஆகியவற்றின் டெவ் பொதிகள், ட்வார்வ்ஸ், கிட் இவ்வளவும் வேண்டும். கிட்-இமெயில் தனிப் பொதி; இப்போதே போட்டுவிடுங்கள், பிறகு மறந்துவிடும்.

முதலில் அடாப்டரை மாட்டுங்கள். பிறகு மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். இது இந்த நிமிஷம் மெஷினில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றும் கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். என் நாலு கோர் லேப்டாப்பில் இரண்டு மணி நேரம் ஓடிய கம்பைல் இருபது நிமிஷமாகக் குறைந்தது. அடாப்டரை மாட்டாமல் ஓட்டினால் நீங்கள் திருத்தப்போகும் டிரைவரையே வெட்டி எறிந்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது.

உபுண்டு கான்ஃபிக்கை எடுத்தவர்களுக்கு இன்னொரு பொறி: கெனானிக்கல் சான்றிதழ்க் கோப்பைக் காணோம் என்று கம்பைல் பாதியில் நிற்கும். கான்ஃபிக்கில் சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரிவோகேஷன் கீஸ் என்ற இரண்டு வரிகளையும் வெற்று மேற்கோளாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

செக்யூர் பூட் போட்டிருந்தால், கையெழுத்திடாத உங்கள் கெர்னலை மெஷின் பூட் செய்ய விடாது. பயாஸில் போய் அதை அணைப்பதற்கு முன் க்யூஎமுவை நினைத்துப்பாருங்கள். மெய்நிகர் மெஷினுக்குள் புதுக் கெர்னலை ஓட்டி, நிஜ அடாப்டரை வென்டார் எண், புராடக்ட் எண் கொடுத்து உள்ளே அனுப்பிவிடலாம். கெர்னல் கவிழ்ந்தால் ஒரு ஜன்னல் மூடும், அவ்வளவுதான்.

அடுத்தடுத்த முறை முழுக் கெர்னலையும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. மேக் கட்டளையில் எம் என்று போட்டு அந்தக் கோப்புறையை மட்டும் சொன்னால் மாட்யூல் நொடிகளில் தயார்.

5. பிழையைப் பிடிப்பது

முதலில், பிழை புதிய கெர்னலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கடை மெஷினில் இருப்பது டிஸ்ட்ரோவின் பழைய கெர்னல். புதியதில் யாராவது ஏற்கெனவே சரிசெய்திருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

முன்பு நன்றாக ஓடி, ஒரு பதிப்பிலிருந்து கெட்டுப்போனது என்றால் கிட் பைசெக்ட். இரண்டு அடுத்தடுத்த பதிப்புகளுக்கு நடுவே பதினாலாயிரம் கமிட் (கிட்டில் பதிவான மாற்றம்) இருந்தாலும் பதினாலு தடவை பாதி பாதியாகப் பிரித்தால் ஆள் அகப்பட்டுவிடும். தடவைக்கு இருபது நிமிஷம் வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரம். பராமரிப்பு நாளைப் பார்த்து ஆரம்பியுங்கள்.

என் பிழை அப்படிப்பட்டதில்லை, ஆரம்பம் முதலே இருந்தது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் ஒன்றும் இல்லை. டிரைவர் எந்தப் பிழையும் இல்லையென்று சாதித்தது. அதனால் யூஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, கம்பியில் போகும் வரும் பேச்சை அப்படியே பதிவு செய்தேன். ஹப்பின் பிளக்கைப் பிடுங்கிச் செருகி, நாற்பது தடவையாவது செய்திருப்பேன். என் அம்மா வந்து, "சுவிட்ச் போர்டை உடைச்சிறாதடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லபடியாக இருக்கும்போது பதிவில் தெரிந்தது இது: டிரைவர் அடாப்டரிடம் "உன் அமைப்பு என்ன?" என்று இரண்டு பைட் கேட்கிறது. பதில் வருகிறது, நிலை சுழியம், அதாவது வெற்றி, நீளம் 2. கெட்டுப்போன தடவைகளில் நிலை அதே சுழியம்தான், நீளமும் சுழியம். அப்போதுதான் கண்விழித்த அடாப்டர், "சரி" என்று சொல்லிவிட்டு வெறும் கையை நீட்டுகிறது.

டிரைவரில் அந்த இடத்துக்குப் போனேன். திரும்பி வந்த எண் சுழியத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் பிழை என்று எழுதியிருந்தது. சுழியம் வந்தால் பிழையில்லை என்று மேலே போய்விடும். தபால்காரர் கவர் கொடுத்தாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பார்க்காமல், மேஜையில் கிடந்த வேறு ஏதோ தாளைப் படித்த மாதிரி. நினைவகத்தில் அந்த இடத்தில் முன்பு கிடந்த குப்பையை எடுத்து, அதையே சீரியல் அமைப்பாக அடாப்டருக்குத் திருப்பி எழுதியது. பாரிட்டி என்ற பிழை சரிபார்ப்பு அமைப்பு மாறிவிட்டது. எடை மந்திரமாகிவிட்டது. குப்பை நாளுக்கு நாள் வேறு என்பதால்தான் சில நாள் சரியாகவும் சில நாள் தப்பாகவும் இருந்தது.

திருத்தம்: கேட்ட நீளமும் வந்த நீளமும் ஒன்றா என்று பார், இல்லையென்றால் பிழை என்று திரும்பு. மூன்று வரி. இப்போது அந்தச் சமயத்தில் போர்ட் திறக்காது. பில் மென்பொருள் இரண்டு நொடி கழித்து மறுபடி முயலும். அதற்குள் அடாப்டர் விழித்துவிடும். பூ வியாபாரத்தில் தப்பான எடையைவிட இரண்டு நொடி தாமதம் எவ்வளவோ மேல்.

இந்த வகைப் பிழைக்காகவே 2020 டிசம்பரில் வெளியான 5.10 கெர்னலில் யூஎஸ்பி கன்ட்ரோல் எம்எஸ்ஜி ரிசீவ் என்ற புதிய ஃபங்ஷன் வந்தது. குறைவாக வந்தால் அதுவே பிழை சொல்லிவிடும். நான் அதைப் பயன்படுத்தவில்லை. அதே கோப்பில் மற்ற இடங்களில் நீளத்தைக் கையால் சரிபார்த்திருந்தார்கள்; நானும் அப்படியே செய்தேன். கோப்பின் பழக்கத்தை ஒட்டிப் போவது முதல் பேட்சுக்கு நல்லது. வரியை உள்தள்ள எட்டு இடம், டேப் விசைதான், ஸ்பேஸ் கூடாது.

அதே கோப்பில் வேறு நாலு அசிங்கம் கண்ணில் படும். கையை வைக்காதீர்கள். ஒரு பேட்சில் ஒரு வேலை.

6. தாய்ப்பத்திரம் தேடுவது

இடம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்பது போல, இந்தப் பிழை எந்தக் கமிட்டில் உள்ளே வந்தது என்று இங்கே கேட்பார்கள். கிட் பிளேம் அடித்தால் அந்த வரியைக் கடைசியாகத் தொட்ட கமிட் தெரியும். அங்கேயே நின்றுவிடாதீர்கள். யாரோ வரியை இடம் மாற்றி மட்டும் வைத்திருக்கலாம், உண்மையான மூலம் அதற்கும் பின்னால் இருக்கும். என் விஷயத்தில் மூன்று கைமாற்றத்துக்குப் பின்னால், டிரைவரை முதன்முதலில் சேர்த்த கமிட் வரை போனது.

கிடைத்ததும் "ஃபிக்சஸ்" என்று ஒரு வரி: கமிட் எண்ணின் முதல் 12 எழுத்து, அடைப்புக்குறிக்குள் மேற்கோளோடு அந்தக் கமிட்டின் தலைப்பு. பழைய கெர்னல்களுக்கும் போக வேண்டிய திருத்தம் என்றால் அதன் கீழே "சிசி" என்று போட்டு, பழைய கெர்னல்களைப் பராமரிக்கும் ஸ்டேபிள் குழுவின் முகவரி.

7. கமிட் செய்தி: எல்லாம் இங்கேதான்

என் முதல் செய்தி, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: "நீளச் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது." எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. மெயின்டெய்னர், அதாவது அந்தப் பகுதியின் பொறுப்பாளர், கேட்டார்: பயனருக்கு என்ன தெரிகிறது? எப்படிக் கண்டுபிடித்தாய்? எந்தக் கருவியில் சோதித்தாய்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றையும் நான் எழுதவில்லை.

கடைசியாக ஏற்கப்பட்டதன் சாரம் இது: "கன்ட்ரோல் கோரிக்கைக்குக் கருவி கேட்டதைவிடக் குறைவான பைட் அனுப்பினாலும் டிரைவர் அதை வெற்றியாக எடுத்துக்கொள்கிறது. தொடக்க மதிப்பு இல்லாத நினைவகம் அதனால் லைன் அமைப்பாகக் கருவிக்கே திரும்பப் போகிறது. மின்சாரம் போய் வந்ததும் போர்ட்டைத் திறந்தால் வரும் எழுத்துகள் சிதைகின்றன. நீளத்தைச் சரிபார்த்துப் பிழை திருப்பு. யூஎஸ்பிமான் பதிவில் கண்டறியப்பட்டது. அதே கருவியில் சோதிக்கப்பட்டது." ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அலங்காரம் வேண்டாம். என்ன தப்பு, அதனால் யாருக்கு என்ன ஆகிறது, என்ன செய்கிறோம், எப்படித் தெரியும்: இந்த வரிசை. நான் என்ன செய்தேன் என்று எழுதாமல் "சரிபார்", "திருப்பு" என்று ஏவலாக எழுதுவது அங்கே வழக்கம்.

தலைப்பு வரியின் முன்னொட்டை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். அதே கோப்புக்குக் கிட் லாக் அடித்து, பழைய கமிட்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பார்த்து அப்படியே வையுங்கள். வரி 75 எழுத்துக்குள்.

அந்த ஒரு பத்தியை எழுத எனக்குத் திருத்தத்தைவிட அதிக நேரம் ஆனது. கடைசியில், திருநகரில் பத்திரம் எழுதும் என் பெரியப்பாவிடம் போய்க் கேட்பதுபோல யோசித்தேன். நாலு எல்லையும் சொல்லாமல் அவர் ஒரு பத்திரத்தையும் முடிக்க மாட்டார்.

8. கையெழுத்தும் அனுமதியும்

தேவையான ஆவணம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. "சைன்டு-ஆஃப்-பை" என்ற வரி. கிட் கமிட்டில் சின்ன எஸ் விருப்பம் போட்டால் தானாக வரும். "இதை நான் எழுதினேன், இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதிமொழி அது. டாக்குமென்டேஷன் கோப்புறையில் அதன் முழு வாசகம் இருக்கிறது, ஒருமுறை படித்துவிட்டே போடுங்கள். பெயர் தெரியாதவராக அனுப்ப முடியாது.

நம் ஊர்க் குழப்பம் இன்ஷியல். கிட் அமைப்பில் ஒரு விதமாகவும் மெயில் கணக்கில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால், அனுப்பியவரும் கையெழுத்திட்டவரும் வேறு வேறு ஆள் என்று செக்பேட்ச் முறைக்கும். இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்று இன்றே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எழுதினாலும் கம்பெனிக்கே சொந்தம் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். வாய்வார்த்தை வேண்டாம். மேலதிகாரியிடமிருந்து "ஆட்சேபனை இல்லை" என்று ஒரு வரி மெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கிடைக்கப் பதினோரு நாள் ஆனது. கேட்டவுடன் கிடைக்காது என்பதால் இந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

9. யாருக்கு, எப்படி அனுப்புவது

கிட்ஹப்பில் லினக்ஸ் இருக்கிறது. அங்கே புல் ரிக்வெஸ்ட் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது வெறும் பிரதி. மெயிலில்தான் அனுப்ப வேண்டும்.

கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்டுக்குப் பேட்ச் கோப்பைக் கொடுங்கள். யாருக்கு, எந்தக் குழு முகவரிக்கு என்று பட்டியல் வரும். மெயின்டெய்னரை "டு"வில் வையுங்கள், குழு முகவரியைச் "சிசி"யில். என் பட்டியலில் யூஎஸ்பி பகுதியின் பொறுப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் பெயரும் வந்தது. கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

இனி நான் விழுந்த குழிகள், விழுந்த வரிசையில்.

முதல் தடவை ஆபீஸ் மெயிலில் அனுப்பினேன். அது எச்டிஎம்எல், குழு முகவரியின் சர்வர் அதை ஏற்கவே இல்லை. போதாக்குறைக்கு, "இந்த மடல் ரகசியமானது, பெறுநர் தவிர வேறு யாரும் படித்தால்" என்று அடியில் ஒரு பத்தியை ஆபீஸ் சர்வர் தானே ஒட்டியிருந்தது. ரகசியம் என்று சொல்லும் பேட்சை உலகத்துக்கே திறந்த களஞ்சியத்தில் யார் சேர்ப்பார்கள்? மூன்று வாரம் பதில் வரும் என்று காத்திருந்தேன்.

இரண்டாவது தடவை ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்து, எளிய உரை என்று தேர்ந்தெடுத்து, பேட்சை ஒட்டி அனுப்பினேன். ஜிமெயில் எல்லா டேப்பையும் ஸ்பேஸாக மாற்றியது, நீள வரிகளை மடக்கியது. பேட்ச் பொருந்தவில்லை என்று ஒரு வரி பதில்.

சரியான வழி கிட் சென்ட்-இமெயில். ஜிமெயில் என்றால் சர்வர் எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 587, டிஎல்எஸ். உங்கள் வழக்கமான பாஸ்வேர்டை ஏற்காது. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, ஆப் பாஸ்வேர்ட் என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கிப் போட வேண்டும். முதலில் உங்களுக்கே அனுப்புங்கள். வந்த மெயிலை மூலவடிவில் சேமித்து, சோர்ஸின் சுத்தமான பிரதியில் கிட் ஏஎம் அடியுங்கள். பொருந்தினால்தான் மற்றவர்களுக்கு. இந்த ஐந்து நிமிஷச் சோதனை எனக்கு ஒன்றரை மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

கல்லூரி நெட்வொர்க்கில் எஸ்எம்டிபியை அடைத்து வைத்திருந்தால் பி4 என்ற கருவியைப் பாருங்கள். அது இணைய வழியாகக் கெர்னல் டாட் ஆர்க் சர்வர் மூலமே அனுப்பிக் கொடுக்கும்.

அனுப்பும் முன் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டுங்கள். அது திட்டுவதையெல்லாம் கேட்க வேண்டும் என்றில்லை. "எரர்" என்று சொன்னால் கேளுங்கள்.

10. எப்போது அனுப்புவது

கெர்னல் ஒரு பதிப்புக்கு ஒன்பது முதல் பத்து வாரம். பதிப்பு வெளியானதும் முதல் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, புது மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அப்போது மெயின்டெய்னர்கள் முகூர்த்த நாள் பூக்கடை மாதிரி இருப்பார்கள். பிறகு வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வரும், பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு. பிழைத்திருத்தம் என்றால் ஆர்சி1 வந்த பிறகு அனுப்புவது நல்லது. நான் மூன்றாவது தடவை, எல்லாம் சரியாக வைத்து, மெர்ஜ் விண்டோவின் இரண்டாம் நாள் அனுப்பினேன். பதிலே இல்லை.

இரண்டு மூன்று வாரத்தில் பதில் வருவது சாதாரணம். ஒரு வாரம் முடியாமல் நினைவூட்டாதீர்கள். நினைவூட்டும்போது அதே மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி போதும், புதிதாக அனுப்ப வேண்டாம். எனக்குப் பதில்கள் வந்தது பெரும்பாலும் நம் நேரம் மாலை ஐந்துக்கு மேல். ஐரோப்பாவில் மத்தியான நேரம்.

11. பதில் வந்தால்

மெயின்டெய்னர் எழுதியதற்குக் கீழேயே, வரிக்கு வரி பதில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே "நன்றி ஐயா, திருத்துகிறேன்" என்று எழுதுவது அங்கே பழக்கமில்லை. "சார்" வேண்டாம், பெயர் போதும். எனக்கு இது வர ரொம்ப நாள் ஆனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. மொட்டையாக இரண்டு சொல்லில் பதில் வந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு அவருக்கு வந்திருப்பது நூறு மெயில்.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் அடுத்த பதிப்பை அனுப்பாதீர்கள். கேட்டது தப்பு என்று தோன்றினால் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்பார்கள். நானே ஒரு இடத்தில் சொன்னேன், ஒத்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் தலைப்பில் வி2 வர வேண்டும். கிட் ஃபார்மட்-பேட்சில் அதற்கு விருப்பம் உண்டு. முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதைப் பேட்ச் கோப்பில் மூன்று சிறுகோடு (---) இருக்கும் வரிக்குக் கீழே எழுதுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதுவது கிட் வரலாற்றில் போகாது, படிப்பவருக்கு மட்டும். காலையில் பதில் வந்து மத்தியானமே வி2 அனுப்பும் ஆசையை அடக்குங்கள், இன்னொருவரும் ஏதாவது சொல்லக்கூடும்.

இடையில் இன்டெல் நடத்தும் கெர்னல் டெஸ்ட் ரோபோவிடமிருந்து மெயில் வரலாம். வேறு ஏதோ ஒரு பிராசசரில் உங்கள் பேட்ச் கம்பைல் ஆகவில்லை என்று சொல்லும். அது ஸ்பேம் இல்லை. நான் ஒன்றை அப்படி நினைத்து அழித்தேன்.

12. ஏற்கப்பட்ட பிறகு

"அப்ளைடு, தேங்க்ஸ்" என்று மெயில் வரும். அதோடு கடையில் பிரச்சினை தீர்ந்துவிடாது. மெயின்டெய்னரின் கிளையிலிருந்து லினஸின் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். என்னுடையது ஆர்சி4 இல் போனது. அங்கே போன பிறகுதான் ஸ்டேபிள் கெர்னல்கள் எடுக்கும். அங்கே விதி, சுற்றுவரிகளோடு சேர்த்து நூறு வரிக்குள் இருக்க வேண்டும் என்பது. மூன்று வரிக்குக் கவலையில்லை. ஸ்டேபிளில் வந்து, அங்கிருந்து டிஸ்ட்ரோ எடுத்து, கடை மெஷினுக்கு அப்டேட்டாக வர இன்னும் சில வாரம்.

அதுவரை கடைக்குத் திருத்திய டிரைவரை டிகேஎம்எஸ் மூலம் போட்டு வைத்திருந்தேன். கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அது தானே மறுபடி கம்பைல் ஆகிக்கொள்ளும். நீங்களும் அப்படிச் செய்தால், டிஸ்ட்ரோ கெர்னலில் உங்கள் திருத்தம் வந்துசேர்ந்த அன்று அதை நீக்கிவிடுங்கள். மோட்இன்ஃபோ அடித்துப் பாருங்கள். பாதையில் "அப்டேட்ஸ்" என்று இருந்தால் இன்னும் ஓடுவது நீங்கள் போட்ட பழைய பிரதிதான். நான் நீக்கிய மறுநாள் விடியற்காலை கரண்ட் போய் வந்தது. ஏழு மணிக்கு நானே போன் போட்டுக் கேட்டேன். "எது, தராசா? அது நல்லாத்தான இருக்கு. ஏன் தம்பி?" என்றார் அண்ணாச்சி.